பிராந்திய ராணுவத்தை நவீனமாக்க வேண்டுமானால் முதலில் எதில் கைவைக்க வேண்டும்?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வேலையை விடாமலேயே பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி) சேர வேண்டும் என்பது அவன் விருப்பம். அவனுக்காக விவரம் சேகரிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்: தோனிக்கும் மோகன்லாலுக்கும் கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்ட செய்தியைத் தவிர, இந்தப் படையைப் பற்றித் தமிழில் பொதுவெளியில் பேச்சே இல்லை. அதன் மெட்ராஸ் பட்டாலியன்களில் ஒன்றான 110 காலாட்படை பட்டாலியன் நம் கோவையிலேயே இருந்தும் இந்த நிலைதான்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியால் தொடங்கி வைக்கப்பட்ட படை இது. சொந்தத் தொழிலோ வேலையோ உள்ள குடிமக்கள் ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிந்து பயிற்சி பெற்று, நாடு அழைக்கும்போது பணிக்கு வர வேண்டும் என்பது இதன் அடிப்படை. நிரந்தர ராணுவத்தை ஓரிடத்திலேயே நிற்கும் காவல் பணிகளிலிருந்து விடுவிப்பது, பேரிடரில் சிவில் நிர்வாகத்துக்குக் கைகொடுப்பது, அத்தியாவசியச் சேவைகள் நின்றுபோகாமல் காப்பது, தேவைப்பட்டால் ராணுவத்துக்குக் கூடுதல் பிரிவுகளைத் தருவது ஆகியவை இதன் கடமைகள்.

2025 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. இப்படையின் அதிகாரிகளையும் வீரர்களையும் தேவைக்கேற்ப அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு அது அதிகாரம் தந்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் அமர்த்தவும் ஒப்புதல் அளித்தது. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும். அதே ஆணையில், வரவுசெலவுத் திட்டத்தில் பணம் இருந்தால் மட்டுமே அழைக்க வேண்டும் என்றும், வேறு அமைச்சகம் கேட்டு அழைத்தால் செலவை அந்த அமைச்சகமே ஏற்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஒரு படையின் தயார்நிலை கடைசியில் இப்படி ஒரு கணக்குத் தலைப்பில் வந்து நிற்பது எனக்குக் கவலை அளித்தது.

ஆகவே, அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். இப்படிப்பட்ட பகுதிநேரப் படையை இன்றைய காலத்துக்கு ஏற்றதாக்க வேண்டுமானால் ஆயுதங்களில் தொடங்க வேண்டுமா, பயிற்சியிலா, சட்டத்திலா? உள்நாட்டுப் பேரிடருக்கும் எல்லைப் பணிக்கும் ஒரே ஆளைத் தயார் செய்ய முடியுமா? வெளிநாட்டுப் பணிக்கு இவர்களை அனுப்புவது சரியா?

பழையபாசறை (பதில்):

வணக்கம் தம்பி. பல ஆண்டுகள் இந்தப் படையில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன், 'பகுதிநேரம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்டுக்கு ஒரு மாத முகாம் என்று உங்கள் மருமகன் நினைத்திருந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காலாட்படை பட்டாலியன்களில் கணிசமானவை ஜம்மு காஷ்மீரிலும் வடகிழக்கிலும் தொடர்ச்சியாக ஆண்டுக்கணக்கில் பணியில் இருக்கின்றன. எம்பாடி ஆகிவிட்டால், அதாவது முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டுவிட்டால், அவர்களுக்கும் நிரந்தர வீரர்களுக்கும் பணியில் வேறுபாடு கிடையாது, ஆபத்திலும் கிடையாது. 2022 ஜூன் 30 அதிகாலையில் மணிப்பூரின் நோனே மாவட்டத்தில், ஜிரிபாம்–இம்பால் ரயில் பாதைப் பணிக்குக் காவல் நின்ற 107 காலாட்படை பட்டாலியனின் முகாம் நிலச்சரிவில் மூடிப்போனது. இறந்தவர்களில் இப்படையின் வீரர்கள் பலர். அந்தச் செய்தி வந்த நாளில்கூட, 'இவர்கள் ராணுவமா, காவலர்களா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

இனி பயிற்சி. நகர்ப்புறப் பிரிவுகளின் ஆண்டு முகாமை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு முழு மாதம். உள்ளே நின்று பார்த்தால், மருத்துவப் பரிசோதனை, ஆவணச் சரிபார்ப்பு, சீருடை விநியோகம், அணிவகுப்பில் கால்களைப் பழைய தாளத்துக்குக் கொண்டுவருதல் என்று முதல் வாரம் போய்விடும். பிறகு ஆயுதக் கிடங்கின் முன்னால் வரிசையில் நின்று, துப்பாக்கி எண்ணைச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்குவோம். சென்ற ஆண்டு நம் கையில் இருந்த துப்பாக்கியே இந்த ஆண்டும் வரும் என்ற உறுதி கிடையாது. வேறு துப்பாக்கி என்றால் சுடுதளத்தில் மீண்டும் ஜீரோயிங் செய்ய வேண்டும். ஐந்து ஐந்து குண்டாகச் சுட்டு, அட்டையில் விழுந்த துளைகளைப் பார்த்துக் குறிமுள்ளை நகர்த்தி, திரும்பவும் சுட்டுச் சரிபார்ப்பதற்குள் ஒரு காலைப்பொழுது முடிந்துவிடும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், பிரிவாகச் சேர்ந்து இயங்கப் பழகும் நாட்கள் கைவிரலில் அடங்கிவிடும். தனியாளாக எவ்வளவு நன்றாகச் சுட்டாலும், பக்கத்தில் இருப்பவன் எப்போது நகர்வான் என்று தெரியாதவரை அவன் பட்டாலியன் வீரன் ஆகமாட்டான்.

எனவே என் முதல் கோரிக்கை, ஒரு மாதத்தை ஒரே மூச்சில் செலவிடாமல் ஆண்டு முழுவதும் பிரித்துப் பரப்ப வேண்டும் என்பது. மருத்துவமும் ஆவணமும் வரைபடப் பாடமும் வயர்லெஸ் நடைமுறையும் ஊரிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் முடியக்கூடியவை. முகாமுக்கு வரும்போது நேராகச் சுடுதளத்துக்கும் பிரிவுப் பயிற்சிக்கும் போய்விட வேண்டும். இரண்டாவது கோரிக்கை கருவிகளைப் பற்றியது. புதிய துப்பாக்கியோ இரவுநேரக் கண்ணாடியோ வயர்லெஸ் கருவியோ வந்தால் நிரந்தரக் காலாட்படைக்கு முதலில் தருவது நியாயம்தான்; அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் இரு தரப்பும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே இரவில் ரோந்து போகும்போது, ஒரு தரப்பின் வயர்லெஸ் மறுதரப்போடு பேசாது என்றால், அந்த இடைவெளியில் உயிர் போகும். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் தர முடியாவிட்டாலும் தகவல் தொடர்பு, குண்டு துளைக்காத கவசம், முதலுதவி ஆகிய மூன்றிலாவது வேறுபாடு இருக்கக் கூடாது.

பேரிடர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவின்போது பக்கத்து மாவட்டங்களிலிருந்து விரைந்து போனவர்களில் நம் படையின் 122 பட்டாலியன் வீரர்களும் உண்டு. சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை (துண்டுகளை இணைத்து விரைவாக அமைக்கும் இரும்புப் பாலம்) அமைத்தவர்கள் பெங்களூரின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவினர். அவர்கள் அளவுக்குத் திறமையான பாலக்காரர்கள் நம் ஊர்களில் கட்டுமான வேலையில் இருக்கிறார்கள், ஜேசிபி ஓட்டுகிறார்கள், கிரேன் இயக்குகிறார்கள். நம் ஆட்சேர்ப்பு முகாமிலோ எல்லோரையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டு, ஒரே காலாட்படை வீரனாக எடுத்துக்கொள்கிறோம். என்ன தொழில் தெரியும் என்று கேட்கிறோம், எழுதிக்கொள்கிறோம், பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை. பகுதிநேரப் படையின் பெரிய பலமே அவன் வெளியில் செய்யும் தொழில்தான். சீன மொழி தெரிந்தவர்களை இப்படையில் சேர்த்ததாக 2024-இல் செய்தி வந்தபோது, சரியான வழியில் ஓர் அடி வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

ஆலைக்கணக்கு (பதில்):

பெரியவர் சொன்னவற்றில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் எந்த வரிசையில் செய்வது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் திருப்பூர்ப் பகுதியில் ஒரு பின்னலாடை ஆலையின் மனிதவளப் பிரிவில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியும் புதிய வயர்லெஸும் வருவதற்கு முன், அந்த வீரன் முகாம் முடிந்து திரும்பும்போது அவன் நாற்காலி அங்கே இருக்க வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எங்கள் சாயப்பிரிவில் வேலை செய்யும் ஒருவர் பிராந்திய ராணுவ வீரர். முகாமுக்கான அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எங்கள் சம்பள மென்பொருளில் சாதாரண விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்ற நான்கு பெட்டிகள் மட்டுமே இருந்தன. ராணுவப் பயிற்சி என்று ஒரு பெட்டி இல்லை. சம்பளமில்லா விடுப்பில் போட்டால் வருகை ஊக்கத்தொகை போய்விடும். போனஸ் கணக்கில் நாட்கள் குறையும். தொடர்ச்சியாக வராதவர் என்று அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் ஒரு குறிப்பும் விழும். நாட்டுக்காகச் சீருடை போட்ட குற்றத்துக்காக அவருக்கு இத்தனை வெட்டு. அந்த மாதம் மேலாளரிடம் பேசிக் கையால் திருத்தி எழுதினோம். எல்லா ஆலையிலும் அப்படிப் பேச ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி, பணிக்கு அழைக்கப்பட்டுப் போனவரை முதலாளி திரும்பவும் வேலைக்கு எடுத்தாக வேண்டும். மறுத்தால் அபராதம் 1,000 ரூபாய் வரை. அதோடு ஆறு மாதச் சம்பளத்துக்கு இணையான தொகையை அவருக்குத் தர வேண்டும். அந்தப் பிரிவு எழுதப்பட்ட காலத்தில் 1,000 ரூபாய் ஒரு முதலாளியை யோசிக்க வைத்திருக்கும். இன்று அதைக் காட்டி எந்த ஆலையையும் அசைக்க முடியாது. ஒரு வீரரை மொத்தமாக அனுப்பிவிடுவதற்கு ஆறு மாதச் சம்பளமும் 1,000 ரூபாயும்தான் விலை என்றால், அந்த விலையைக் கொடுக்கத் தயங்காத நிறுவனங்கள் இருக்கும்.

அதே நேரம், முதலாளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 40 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு தேர்ந்த இயந்திர ஓட்டுநர் ஓராண்டுக்கு எம்பாடி ஆகிப் போய்விட்டால், அவருக்குப் பதிலாக ஆள் எடுத்துப் பழக்கும் செலவை யார் தருவது? பிரிட்டன் 2013-இல் தன் பகுதிநேரப் படையைச் சீரமைத்தபோது இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்க்க முயன்றது. சிறு, நடுத்தர நிறுவனங்களின் ஊழியர் பணிக்கு அழைக்கப்பட்டால், மற்ற ஈடுகளுக்கு மேல் மாதம் 500 பவுண்டு வரை அந்த நிறுவனத்துக்கே தரும் ஏற்பாடு வந்தது. பழைய 'டெரிடோரியல் ஆர்மி' என்ற பெயர் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு 'ஆர்மி ரிசர்வ்' ஆனது. பயிற்சி பெற்ற வீரர்கள் 30,000 பேர் என்பது இலக்கு. முதல் சில ஆண்டுகளில் ஆட்சேர்ப்பு மிகவும் தடுமாறியது. அந்த வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்ததும், அதற்கான கணினி ஏற்பாடு ஒழுங்காக இயங்காததும் காரணங்கள். ஆனால் முதலாளியைக் கூட்டாளியாக நடத்த வேண்டும் என்ற அந்த எண்ணம் நிலைத்துவிட்டது.

இங்கே குறைந்தபட்சம் அபராதத் தொகையை இன்றைய மதிப்புக்கு உயர்த்துவதும், சிறு தொழிலுக்கு ஈட்டுத்தொகை தருவதும், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் விதிகளில் பிராந்திய ராணுவப் பணியைத் தனி விடுப்பு வகையாகச் சேர்ப்பதும் உடனே செய்யக்கூடியவை. இவற்றுக்குத் துப்பாக்கி வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது.

டெக்சாஸ்_தமிழ் (பதில்):

நான் அமெரிக்காவில் வசிப்பவன். இங்குள்ள ஆர்மி நேஷனல் கார்டில் சில ஆண்டுகள் தளவாடப் பிரிவில் பணியாற்றியிருக்கிறேன். உள்நாட்டுப் பணி, வெளிநாட்டுப் பணி இரண்டையும் ஒரே படையின் தோளில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படையைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நேஷனல் கார்டு வீரருக்கு இரண்டு எஜமானர்கள். சாதாரண நாளில் மாநில ஆளுநர்; குடியரசுத் தலைவர் அழைத்துவிட்டால் மத்திய அரசு. (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் முதலமைச்சரைப் போன்றவர்.) தங்கள் மாநிலப் படையை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதை ஆளுநர்கள் தடுக்க முடியுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், முடியாது என்று 1990-இல் தீர்ப்பானது. 2001-க்குப் பிறகு ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இவர்கள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டார்கள். பெரும்போர் வந்தால் மட்டும் எடுக்கலாம் என்று வைத்திருந்த படை, அன்றாடம் சுழலும் படையாகிவிட்டது.

அதன் விலை உள்நாட்டில் தெரிந்தது. 2005 கத்ரீனா புயலுக்கு நாடெங்கிலுமிருந்து 50,000-க்கும் மேற்பட்ட நேஷனல் கார்டு வீரர்கள் வந்தார்கள், ஆள் இருந்தது. ஆனால் 2007 மே மாதத்தில் கான்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூரைச் சுழற்காற்று ஏறக்குறைய முழுமையாக அழித்தபோது, லாரிகளும் கனரக எந்திரங்களும் ஈராக்கில் இருப்பதால் மீட்புப் பணி தாமதமாகிறது என்று ஆளுநர் கேத்லீன் செபீலியஸ் வெளிப்படையாகச் சொன்னார். வாஷிங்டன் அதை மறுத்தது, வாக்குவாதம் நடந்தது. ஆனாலும் அந்த ஒரு குற்றச்சாட்டு ஒரு கேள்வியை எல்லோர் முன்னிலும் வைத்துவிட்டது: வெளிநாட்டுக்குப் போன லாரிக்குப் பதில் ஊரில் எந்த லாரி நிற்கிறது? அதன்பிறகுதான் தகவல் தொடர்பு, போக்குவரத்து, பொறியியல், மருத்துவம், விமானம் என்று பத்து அத்தியாவசியத் திறன்களைப் பட்டியலிட்டு, அவை எந்த மாநிலத்திலும் குறையக் கூடாது என்று கணக்கு வைக்கும் பழக்கம் உறுதிப்பட்டது. வாங்கும் கருவியும் இரு வேலைக்கும் உதவுமா என்று பார்த்து வாங்குகிறார்கள். போர்க்களத்தில் குண்டு சுமக்கும் லாரி வெள்ளத்தில் மக்களைச் சுமக்க வேண்டும். இந்தப் படைக்கென்று தனித் தலைப்பில் நாடாளுமன்றம் நிதி ஒதுக்குவதும் உண்டு. நிரந்தர ராணுவம் அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. நொய்யல்கரை கவலைப்பட்ட கணக்குத் தலைப்புப் பிரச்சினைக்கு இதை ஒரு வழியாகப் பார்க்கிறேன்.

ஆலைக்கணக்கு அம்மா சொன்ன வேலைப் பாதுகாப்பு இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைக்கிறது. ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை ராணுவப் பணிக்காக விலகியிருந்தாலும் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். போகாமல் இருந்திருந்தால் இன்று எந்தப் படியில் இருந்திருப்பாரோ அந்தப் படியில் அவரை அமர்த்த வேண்டும். இடைப்பட்ட பதவி உயர்வும் சம்பள உயர்வும் சேர்த்து. ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு நான்கு நாள் அடிப்படைச் சம்பளம் கிடைக்கும், ஏனென்றால் அதை நான்கு பயிற்சி அமர்வுகளாகக் கணக்கிடுகிறார்கள். ஓய்வூதியமும் புள்ளிக் கணக்கில்தான்: ஆண்டுக்கு 50 புள்ளிகளாவது சேர்ந்த ஆண்டுகள் 20 ஆனால் 60 வயதில் ஓய்வூதியம் வரும். நம் பிராந்திய ராணுவத்தில் சீருடையில் பணியில் இருந்த காலம் மட்டுமே ஓய்வூதியத்துக்குச் சேரும். வீரர்களுக்கு அது 15 ஆண்டு ஆக வேண்டும். எம்பாடி ஆகாமல் இடையில் வீட்டில் இருந்த காலம், தயார்நிலையில் இருந்த காலமாகவே எண்ணப்படுவதில்லை. வாய்ப்பில்லாமல் பாதியில் நின்றுபோனவர்களுக்கு மிஞ்சுவது குறைவு. இந்த ஒன்றை மாற்றினாலே அனுபவமுள்ளவர்கள் விலகிப் போவது குறையும் என்று நம்புகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு, கலிபோர்னியா ஆளுநரின் எதிர்ப்பை மீறி, அம்மாநிலத்தின் நேஷனல் கார்டு வீரர்களை மத்திய அரசு தன் ஆணையின் கீழ் எடுத்து அனுப்பியது. அது நீதிமன்றம் போனது. பகுதிநேர வீரன் தான் வாழும் ஊரின் மக்கள் முன்னால் துப்பாக்கியோடு நிறுத்தப்படும்போது, அவன் சம்பாதித்து வைத்த நம்பிக்கை முழுவதும் பணயமாகிறது. எந்த உள்நாட்டுப் பணிக்கு அழைக்கலாம், யார் கேட்டால் அழைக்கலாம் என்பதைச் சட்டத்தில் தெளிவாக எழுதாமல் புதிய கருவிகளை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது.

களமருத்துவம் (பதில்):

வெளிநாட்டுப் பணி பற்றி மட்டும் சொல்கிறேன். நான் அவசர சிகிச்சை மருத்துவர்.

மத்திய அரசின் பொது ஆணையோ சிறப்பு ஆணையோ இல்லாமல் பிராந்திய ராணுவத்தவரை இந்திய எல்லைக்கு வெளியே பணிக்கு அனுப்ப முடியாது என்பது சட்டம். அப்படி அனுப்பியதும் உண்டு. இலங்கையில் இந்திய அமைதிப்படை நடத்திய ஆபரேஷன் பவனில் இப்படையினரும் பங்கேற்றிருக்கிறார்கள். அந்த நடவடிக்கை தமிழர்களாகிய நம்மிடம் விட்டுச்சென்ற வேதனையை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஆண்டில் சில வாரம் பயிற்சி பெறுபவரை, அந்நிய மண்ணில் மக்கள் நடுவே நடக்கும் சண்டைக்கு அனுப்பக் கூடாது என்பது என் திடமான கருத்து. மொழி, நிலம், அரசியல் மூன்றும் தெரியாத இடத்தில் பயிற்சிக் குறைவின் விலையைக் கொடுப்பது வீரன் மட்டுமல்ல, அங்குள்ள பொதுமக்களும்தான்.

ஆனால் வெளிநாட்டுப் பணி என்பது சண்டை மட்டுமா? 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது ஆக்ராவிலிருந்து 60 பாரா கள மருத்துவமனையின் 99 பேர் கொண்ட குழு போய், இஸ்கெந்தெருன் நகரில் 30 படுக்கை மருத்துவமனையை நடத்தியது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, மயக்கவியல், எக்ஸ்ரே எல்லாம் அதில் அடங்கும். அவை அத்தனையும் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் வேலைகள். ஆப்கானிஸ்தானில் பிரிட்டனின் கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனையை முறைவைத்து நடத்தியவர்களில் அந்நாட்டின் பகுதிநேர மருத்துவப் பிரிவுகளும் உண்டு. சாதாரண நாளில் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள்தான் அங்கே போனார்கள். சாலை விபத்தின் பலத்த காயங்களை இரவு முழுக்கப் பார்க்கும் நம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு பகுதிநேர மருத்துவப் பிரிவு அமைத்து, கூடாரம் போடுவதிலிருந்து ரத்தத்தைக் குளிரில் பாதுகாப்பது வரை ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால், உள்நாட்டு வெள்ளத்துக்கும் அயல்நாட்டு நிலநடுக்கத்துக்கும் அதே குழு போகலாம். நானே முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

நொய்யல்கரை:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவரிடம் ஒரு துணைக்கேள்வி. அக்னிவீரர்களின் முதல் அணி 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மீதமுள்ளவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அவர்களைப் பிராந்திய ராணுவத்துக்குக் கொண்டுவந்தால், நீங்கள் சொன்ன பயிற்சிக் குறைவு தீர்ந்துவிடாதா?

பழையபாசறை:

தம்பி, பாதி தீரும். நான்கு ஆண்டு முழுநேரம் துப்பாக்கி பிடித்தவனுக்கு முகாமின் முதல் வாரம் தேவையில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்த வழியைத் திறந்துவிடத்தான் வேண்டும், அதுவும் அவர்கள் ஊர் திரும்பி நம்பிக்கை இழப்பதற்கு முன்பே. ஆனால் இப்படையில் சேர வருமானமுள்ள வேலை இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. வெளியே வந்தவன் கையில் வேலை இருந்தால்தான் சேர முடியும். எம்பாடி ஆகிப் போய்விடுவானோ என்ற பயத்தில் அவனுக்கு வேலை தர முதலாளி தயங்குவார். ஆலைக்கணக்கு அம்மா சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம். அவர் சொன்ன வரிசையே சரி என்று இப்போது எனக்கும் படுகிறது: வேலைப் பாதுகாப்பு முதலில், பயிற்சியைப் பரப்புவது அடுத்து, கருவி அதற்குப் பிறகு.

மீதிப் பாதி, எல்லோரையும் காலாட்படைக்காரராகவே எண்ணும் பழக்கம். அக்னிவீரர்களை மட்டும் வைத்து நிரப்பினால் அந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. அன்று தேவைப்பட்டவர்கள் படகு தெரிந்தவர்கள், மின்கம்பத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள், தண்ணீருக்குள் மூழ்கிய சாலை எங்கே வளைகிறது என்று மனதில் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்களுக்கென்று இப்படையில் ஒரு கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) இல்லை. 1982-இல் முசோரி மலைகளில் மரம் நடுவதற்காக 127 பட்டாலியனைச் சுற்றுச்சூழல் பட்டாலியனாக எழுப்பியபோது, ராணுவம் மரம் நடுவதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். சுண்ணாம்புக்கல் தோண்டி மொட்டையடித்த அந்தச் சரிவுகள் திரும்பப் பசுமையானதற்கு அந்த வீரர்களின் உழைப்பும் காரணம். ஒரு தேவைக்காகத் தனிப் பட்டாலியன் எழுப்பும் வழக்கம் இந்தப் படைக்குப் புதிதல்ல. வெள்ளத்துக்காக ஒரு படகுப் பிரிவு, டாக்டர் கேட்ட கள மருத்துவப் பிரிவு ஆகியவற்றை அதே முறையில் எழுப்பலாம். இவற்றில் பெண்களைச் சேர்ப்பதற்கும் தடையில்லை. பிராந்திய ராணுவத்தில் பெண்களும் சேரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. செவிலியர்களைத் தவிர்த்துவிட்டுக் கள மருத்துவமனையை யார் நடத்த முடியும்?

உங்கள் மருமகனுக்கு ஒரு வார்த்தை: முகாம் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், பணியிடத்தில் மனிதவளப் பிரிவைப் பார்த்து இப்போதே எழுத்தில் ஒப்புதல் கேட்கச் சொல்லுங்கள். கல்விச் சான்று, நிறுவனத்தின் பணிச்சான்று, சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். வயது வரம்பு 18 முதல் 42 வரை என்பதால் அவசரமில்லை. காலையில் ஓடுவதை மட்டும் இன்றே தொடங்கட்டும்.